ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு பேர்

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்று விசுக் சொன்ன சொல், இந்தச் சனிக்கிழமை காலை வரை அந்த வீட்டின் காற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சட்டையில மாமா பேரை மட்டும் போட்டுப் பாருக்கா. சனிக்கிழமை சாயங்காலம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

சொன்னவன் அக்காவின் ஒரே தம்பி. யாரை வைத்துச் சொன்னானோ அவர் அக்காவின் ஒரே புருஷன். இரண்டுக்கும் மாற்று கிடையாது. சட்டையோ அக்காவின் மேஜை மேல், யாரையாவது கடிக்கக் காத்திருப்பது போல மடங்கிக் கிடந்தது.

அது ரக்பி கிளப்பின் சட்டை. கெட்டிப் பருத்தித் துணி, முதுகில் ஒன்பது என்ற எண். எண்ணுக்கு மேலே பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறிச்சென்று இருந்தது. கிளப் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை மாட்டப்போகிறார்கள். இதுவரை ஆடியவர்களில் சிறந்த ஒன்பதாம் எண் யார் என்று இனிமேல் வருகிறவன் போகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

அது யார் என்று முடிவு செய்யக் கிளப் கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. பேசிப் பேசி இரண்டு பேரில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் செயலாளர் கிளம்பி வந்தார். தொழிலால் பல் டாக்டர். அலறல் கேட்க அலறல் கேட்க ஊரில் பாதிப் பேரின் கடைவாயைக் காலி செய்த அஞ்சாநெஞ்சர். அப்பேர்ப்பட்டவர் அக்காவின் வீட்டுத் தையல் பட்டறை வாசலுக்குள் ஒரு காலை மட்டும் வைத்து, ஒன்பதாம் எண் சட்டை ஒன்று வேண்டும், பெயரைக் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடிவு பண்ணிப் போட்டுவிடுங்கள், எந்தப் பெயரோ அதுவே கமிட்டிக்கும் சம்மதம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, வைத்த காலையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

ஏனென்றால் மிஞ்சிய இரண்டு பேரும் இருப்பது ஒரே வீடு. வேலை பார்ப்பது அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்த ஒரே தையல் பட்டறை. கிளப்பின் சட்டைகள் அத்தனையும் அங்கேதான் தைக்கப்படும், கிழிந்தால் அங்கேதான் ஒட்டுப்போடப்படும். அக்காவின் புருஷன் துணி வெட்டுவார். தம்பி தைப்பான். எண்ணும் பெயரும் எம்பிராய்டரி போடுகிற மெஷின் அக்காவுக்கு மட்டும்தான் வசப்படும். வேறு யாராவது தொட்டால் அது நூலை மென்று துப்பும்.

ரக்பியில் ஒன்பதாம் எண் என்பது சாமானிய இடம் இல்லை. இந்தப் பக்கம் எட்டுத் தடியன்கள், அந்தப் பக்கம் எட்டுத் தடியன்கள், தோளோடு தோள் கோத்துத் தலையைச் செருகிக்கொண்டு முட்டுவார்கள். அந்தக் கால்காட்டுக்குள் பந்தை உருட்டிவிட்டுப் பின்பக்கமாக ஓடி, வெளியே வரும் பந்தை அள்ளி, பத்தாம் எண்காரனின் கையில் சேர்க்க வேண்டியவன் ஒன்பது. சேர்ப்பதற்குள் எதிரணி அவன் மேல் ஏறி உட்காரும். ஆளும் பெரும்பாலும் குள்ளமாக இருப்பான். வாய் மட்டும் பனைமரம் உயரம் இருக்கும்.

அக்காவின் புருஷனுக்குக் கிளப்பில் பிசின் என்று பெயர். பந்து கையில் ஒட்டியது என்றால் பத்துப் பேர் பிய்த்தாலும் வராது. அவருக்கு அப்புறம் அதே ஒன்பதுக்கு வந்தவன் விசுக். பந்து அவன் கைக்கு வந்ததா இல்லையா என்று நடுவர் யோசித்து முடிப்பதற்குள் விசுக்கென்று போய்விட்டிருக்கும். கிளப்பில் சட்டையில் போடுவதும் இந்தப் பட்டப்பெயரைத்தான். ஒரு சீசன் நடுவில் பிசினை உட்காரவைத்துவிட்டு விசுக்கை இறக்கினார்கள். அன்று பெஞ்சில் உட்கார்ந்தவர் மனதளவில் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பட்டறை திறந்ததிலிருந்து இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை இல்லை. பிசின் தன் கத்தரியிடம் பேசினார். விசுக் தையல் மெஷினிடம் பேசினான். கத்தரி சொன்னது மெஷினுக்குக் கேட்டது, மெஷின் சொன்னது தெருக்கோடிக்குக் கேட்டது.

ஆம்பளைக்கு அழகு கிழிந்த சட்டை என்றது கத்தரி. தான் ஆடிய காலத்தில் காலர் பிய்யாமல், கை கிழியாமல் ஒரு நாளாவது வீட்டுக்கு வந்ததுண்டா, வேண்டுமானால் ஒட்டுப்போட்டவளையே கேட்டுக்கொள்ளட்டும். அடி வாங்கினால்தான் கிழியும், களத்தில் நின்றால்தான் அடி விழும். சில பேர் சட்டை, பெட்டியில் வைத்தது பெட்டியில் வைத்தபடியே திரும்பி வந்தது, சலவைக்குப் போடுவதே வீண்.

சட்டை கிழிகிறது என்றால் எதிரி பிடித்துவிட்டான் என்று அர்த்தம் என்றது மெஷின். பிடிபடுகிறவன் ஒன்பது இல்லை, மூட்டை. பந்தை வைத்துக்கொண்டு ஜாதகம் பார்த்தால் பிடிக்கத்தான் செய்வான். கிழியாத சட்டைதான் ஒன்பதுக்குப் பட்டயம்.

தனக்கு முன்னால் முட்டிய எட்டுப் பேரும் நோஞ்சான்கள் என்றார் பிசின். முட்டும்போதெல்லாம் பின்னாடி நகர்ந்து நகர்ந்து தன் மடியிலேயே வந்து உட்கார்வார்கள், பந்து வரும்போது கூடவே மூன்று எதிரிகளும் வருவார்கள், அதில் ஆடினதுதான் ஆட்டம். முன்னேறிப் போகிற எட்டுப் பேருக்குப் பின்னால் இந்தக் கத்தரியை நிறுத்தியிருந்தால் இதுவும் பந்து போட்டிருக்கும். கத்தரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. அக்கா தன் முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"மாமாவுக்குப் பதிலா அந்தக் கத்தரியைப் போட்டிருந்தா, நான் வந்து ஜெயிச்ச கோப்பை ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கும்" என்றான் விசுக், மெஷினைப் பார்த்து.

அவ்வளவுதான். பிசின் வெட்டிக்கொண்டிருந்த துணியில் கத்தரி ஒரு சாண் கோணலாக ஓடியது. கை ஒன்றும் முதுகு ஒன்றும் பாழ். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கோணலாக வெட்டியதாகச் சரித்திரமே கிடையாது. அந்தத் துணியைச் சுருட்டி விசுக்கின் மெஷின் மேல் எறிந்தார். விசுக் அதை இரண்டு விரலால் தூக்கி, மீன் செத்துக் கிடந்தால் எப்படித் தூக்குவானோ அப்படித் தூக்கி, வாசலுக்கு வெளியே போட்டான்.

மத்தியானச் சாப்பாடு அதைவிட மோசம். தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவனைப் பார்த்து, தட்டு இந்த வீட்டுத் தட்டு என்று பிசின் சுவரிடம் தெரிவித்தார். சாப்பாடு என் அக்கா சமைத்தது என்று விசுக் படிக்கட்டிடம் தெரிவித்தான். பிறகு திரும்பி வந்து, தட்டில் இருந்ததை ஒரு காகிதத்தில் கொட்டிக்கொண்டு, தட்டைக் கழுவி, துடைத்து, பிசினுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

அக்கா தன் தட்டை மூடி வைத்துவிட்டாள். தம்பி நடக்கப் பழகியதே அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசை மாதிரி அவனையும் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். அன்றைக்கு அவனை வாசலில் வந்து தூக்கிக்கொண்டது இதே பிசின்தான் என்று இப்போது சொன்னால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். அவன் மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டால், அப்புறம் அந்த வீட்டில் மாடி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பிசின் கிளம்பினார். ஊர் ரொட்டிக்கடைக்காரர்தான் அந்தக் காலத்துப் பத்தாம் எண். பிசினிடமும் பந்து வாங்கியவர், விசுக்கிடமும் வாங்கியவர். இரண்டு ஒன்பதுகளையும் கையால் அறிந்த ஒரே மனிதர். அவர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவந்துவிட்டால் தீர்ந்தது என்று பிசின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். நூல் வாங்கப் போகிறேன் என்று விசுக்கும் கிளம்பினான். அலமாரி நிறைய நூல் இருந்தது.

பட்டறையில் அக்கா தனியாக இருந்தாள். அவளும் சட்டையும்.

வாரம் பூராவும் இரண்டு பேரும் அவளைப் பார்த்துப் பேரைப் போடு, பேரைப் போடு என்றார்களே தவிர, உனக்கு யார் என்று படுகிறது என்று ஒருத்தராவது கேட்டாரா? அக்கா களத்துப் பக்கம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள்களில் மூட்டை மூட்டையாகச் சட்டைகள் அவள் மடியில் வந்து விழும். எங்கே பிடித்து இழுத்திருக்கிறான், எந்தப் பக்கம் விழுந்திருக்கிறான், முட்டினானா, முட்டுகிற மாதிரி சாய்ந்துகொண்டு சும்மா நின்றானா, எல்லாம் துணி சொல்லிவிடும். பதினைந்து பேரின் வண்டவாளமும் அவளிடம் தண்டவாளம் ஏறிய காலம் அது.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த ஒன்பது, கிழியாத ஒன்பது என்று இரண்டு பேரும் கத்தியதை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவள் நினைத்துப் பார்த்தது வேறு ஒரு சட்டையை. அதை நினைத்ததும் விடை வந்துவிட்டது. வந்ததும் பயமாகவும் இருந்தது. தம்பி போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இப்படித் தோன்றுகிறதா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தாள். ஆயிரம் தடவை கேட்டாள். ஆயிரம் தடவையும் துணி ஒரே பதிலைச் சொன்னது.

மெஷினைப் போட்டாள்.

சாயங்காலம் செயலாளர் வந்து சேர்ந்தார். இந்தத் தடவையும் ஒரு கால் வாசலுக்கு வெளியேதான். அவர் பின்னாலேயே பிசின் வந்தார், முகம் ரொட்டிக்கடை அடுப்பு மாதிரி கனன்றுகொண்டு. ரொட்டிக்கடைக்காரர் அவரைக் கண்டதும், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போனவர், பிசின் திரும்பி நடக்கும் வரை வெளியே வரவே இல்லையாம். விசுக்கும் வந்து மாடிப்படியின் அடியில் சாய்ந்து நின்றான். கையில் நூல் இல்லை.

அக்கா எழுந்தாள். சட்டையை உதறி, முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

விசுக். மஞ்சள் நூலில், எழுத்துக்கு எழுத்து அடர்த்தியாக.

பிசின் சட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். பாவம், செயலாளர் தன் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் பல்லைக் காட்டுவது உசிதமில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"ரத்தபாசம்" என்றார் பிசின். "நடக்கட்டும்."

"பாசம் இல்லைங்க. பத்தாம் நம்பர் சட்டை."

பிசினுக்குப் புரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் உங்க உங்க சட்டையைக் காட்டித் தொண்டை கிழியக் கத்துனீங்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "நான் பார்த்தது ரொட்டிக்கடைக்காரர் சட்டையை. நீங்க ஆடின வரைக்கும் அது ஒவ்வொரு வாரமும் கந்தலா வந்து என் மடியில விழும். அந்த மனுஷனுக்குப் பந்தைக் குடுக்கறப்போ, கூடவே அவர் மேல விழறதுக்கு ஆளையும் சேர்த்துக் குடுத்தீங்க. இவன் வந்த பிறகு அந்தச் சட்டைக்கு நான் ஊசியே எடுக்கலை. ஒன்பது நல்லா ஆடறானான்னு ஒன்பதோட முதுகைப் பார்த்து என்ன பண்றது. பந்தை வாங்கறவன் முழுசா இருக்கானான்னுதான பார்க்கணும்."

"என் முன்னாடி நின்ன எட்டுப் பேரும் சோப்ளாங்கி—"

"இவன் இறங்கின முதல் வருஷம் அதே எட்டுப் பேர்தாங்க. ஒருத்தர்கூட மாறலை. அவங்க சட்டையும் நான்தான் தச்சேன்."

பிசின் பின்னால் நகர்ந்து ஒரு துணிச்சுருள் மேல் உட்கார்ந்தார். ஆனானப்பட்ட பிசின். எதிரணியே ஏறி மிதித்தும் வாய் மூடாதவர். செயலாளர் மெல்ல இன்னொரு காலையும் உள்ளே எடுத்து வைத்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் பிசின் கடைசியில், தரையைப் பார்த்து. "பெஞ்சுல உக்காந்து முழுசாப் பார்த்தவன் நான்தானே. இந்த ஊர்ல என்னைவிட நல்லா அவன் ஆட்டத்தைப் பார்த்தவன் யாரு?"

இப்போது விசுக் குதிக்க வேண்டும். சட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிளப் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அக்கா அதற்காகத்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் முகம் விழுந்து கிடந்தது. பரிசு வாங்கியவன் முகமாக இல்லை, பிடிபட்டவன் முகமாக இருந்தது.

"பிரிச்சிடுக்கா" என்றான். "மாமா பேரையே போட்டுடு."

"எனக்குப் பிச்சை போடறியாடா?" என்று பிசின் துணிச்சுருளிலிருந்து எழுந்தார்.

விசுக் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஏற்ற வேண்டிய தையல் மெஷின் எது என்று கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறையில் இறக்க வேண்டுமாம். போட்டிக் கிளப்புகளுக்குச் சட்டை தைக்கிற பட்டறை அது.

"யாரு வரச் சொன்னது?" என்றாள் அக்கா.

"தம்பிதான். போன மாசமே சொல்லி வச்சாரே, இந்தச் சனிக்கிழமைன்னு."

போன மாதம் கமிட்டி கூடவே இல்லையே என்று செயலாளர் தன்னை மறந்து சொல்லிவிட்டார். சட்டை என்கிற பேச்சே இந்த மாதம்தானே வந்தது. சொன்ன பிறகுதான் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சட்டையை மேஜை மேல் வைத்தாள். அதன் சுருக்கத்தை நிதானமாக நீவிவிட்டாள். அதைப் பார்க்கத்தான் விசுக்குக்குப் பயமாக இருந்தது.

"பேருக்காகப் போறேன்னு சொன்னே."

"ஆமா."

"பேரைப் போட்டாச்சு."

"போடாம இருந்திருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்க்கா." அவன் படிக்கட்டுக் கைப்பிடியை விடாமல் பேசினான். "நீ மாமா பேரைத்தான் போடுவேன்னு நினைச்சேன். கோவிச்சுக்கிட்டுப் போறது சுலபம். சும்மாப் போறதுக்குத்தான் எனக்கு வழி தெரியலை. இங்க இருக்கிற வரைக்கும் நான் மாமா இடத்தைப் பறிச்சவன். களத்துல பறிச்சேன், சரி. சாப்பிட உக்காந்தாலும் பறிச்சவன்தான், மாடி ஏறினாலும் பறிச்சவன்தான்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லை. ஒரு வாரமா என்னைத் தூங்க விடாம மிரட்ட மட்டும் வாய் இருந்துச்சு."

அவன் தலை குனிந்தது. அக்கா அத்தோடு விடவில்லை. சட்டையை எடுத்துச் செயலாளரின் கையில் திணித்தாள்.

"கொண்டு போங்க டாக்டர். இவன்தான் நல்ல ஒன்பது. அதுல பொய் கிடையாது. மத்ததெல்லாம்தான் பொய்."

பிறகு தம்பியின் மெஷின் பக்கம் கையைக் காட்டினாள். "உன் மெஷின்தானே. தூக்கு."

"அக்கா."

"தூக்குடா."

இரும்புத் தலையும் மரப் பலகையும் சேர்ந்து அந்த மெஷின் ஒரு குட்டி யானை கனம். தனி ஆளால் ஆகாது. டிரைவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, ஓட்டுவது மட்டும்தான் தன் வேலை என்று ஒதுங்கிவிட்டார். செயலாளரின் கையில் சட்டை இருந்தது. விசுக் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்து உயர்த்தினான். மறுபக்கம் தரையிலேயே நின்றது.

எல்லோர் கண்ணும் பிசின் மேல் திரும்பியது.

"புடிங்க" என்றாள் அக்கா. "காலையிலேர்ந்து கத்தரிகிட்டயும் சுவர்கிட்டயும் அவனைப் போகச் சொன்னீங்களே. போறான். அந்தப் பக்கம் புடிங்க."

பிசின் நடந்து வந்தார். மெஷினின் மறுபக்கம் வந்து நின்றார். பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள். குனிந்தார். பலகையின் விளிம்பில் கை வைத்தார்.

வைத்த கையை எடுத்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, மெஷினோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டாம் அணி சட்டை பாதியில கிடக்கு" என்றார், மெஷினைப் பார்த்து. "காலையில ஒண்ணு கோணலா வேற வெட்டித் தொலைச்சிருக்கேன். அதை இவனைத் தவிர எவன் நேர் பண்ணுவான்? அது முடியாம இது நகராது."

"நகருங்க மாமா."

"முடியாது."

"மாமா, கை வலிக்குது."

"கீழ வை."

விசுக் கீழேயும் வைக்கவில்லை, மேலேயும் தூக்கவில்லை. ஒரு பக்கம் அந்தரத்தில் நிற்க, இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள், வாரத்திலேயே முதல் தடவையாக நேருக்கு நேர்.

எஞ்சினை அணைக்கவா, ஓட விடவா என்று டிரைவர் வாசலிலிருந்து கேட்டார்.